மணற்கரைக் கிணறுகளும் நிலத்தடி நீரின் தூய்மையும்

நெல்லுக்கு வாய்க்கால் நீரும் மரக்கறிக்குக் கிணற்று நீரும் என்பது கல்முனைக் கரையின் நெடுநாள் வழக்கம். மேற்கே பரந்து கிடக்கும் வட்டைகளுக்குச் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் வாய்க்கால் வழியாக வந்து சேர்கின்றது. ஆனால் பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களின் மணற்றரையிலே கத்தரி, மிளகாய், வெண்டி, பயற்றை, கீரை முதலியன செய்வோருக்குக் கிணறே கதி. குடிப்பதற்கும், சமையலுக்கும், வுழூச் செய்வதற்கும் அதே கிணற்றையே நம்பியிருந்த குடும்பங்கள் பல. ஆகவே இக்கிணற்று நீர் எங்கிருந்து வருகின்றது, எதனாற் கெடுகின்றது, அதனைக் காப்பது எவ்வாறு என்பவற்றை விவசாயிகள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

கரையோர மணலின் கீழுள்ள நன்னீர் ஆற்றிலிருந்து வந்ததன்று. வடகீழ்ப் பருவக்காற்றினால் மாரியிற் பெய்யும் மழையே மணலிற் சுவறி அங்கே தங்குகின்றது. இந்நன்னீருக்கு அடியில் கடலுப்பு நீர் உண்டு. உப்பு நீர் கனமானது. நன்னீர் அதனிலும் இலேசானது. எனவே நன்னீர் உப்பு நீரின்மேல் ஒரு வில்லை போல மிதந்து கொண்டிருக்கின்றது.

இதற்கு ஒரு கணக்கு உண்டு. கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி உயரம் நன்னீர் நிற்குமாயின், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். இதன் மறுபக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மிகுதியாக இறைப்பதனால் மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்து விடின், கீழிருக்கும் உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி மேலெழ இடமுண்டு. கோடையிற் சில கிணறுகள் கரிப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

2004ஆம் ஆண்டு தந்த பாடம்

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையெங்கும் புகுந்து எண்ணற்ற உயிர்களைக் கொண்டு போயிற்று. அன்று கரையோரக் கிணறுகளும் கடல் நீரால் நிரம்பின. உதவ வந்தோரும் கிணற்றுக்கு உடையோரும் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கொண்டு மீண்டும் மீண்டும் இறைத்தனர். எனினும் உவர்ப்பு விரைவில் நீங்கவில்லை. காரணம் யாதெனில், உப்புக் கிணற்றில் மட்டும் இருக்கவில்லை. சூழவுள்ள மணல் முழுவதிலும் இறங்கியிருந்தது. வலிந்து இறைத்தவிடத்துக் கீழிருந்த உப்பு நீரும் மேலே இழுக்கப்பட்டது. கிழக்குக் கரைக் கிணறுகளைப் பின்னர் ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தாரும் பிறரும், அளவுக்கு மிஞ்சி இறைத்தல் பயன்தராது என்பதையும், அடுத்து வந்த மாரி மழையே உப்பைக் கழுவி நீரை மீட்டது என்பதையும் எடுத்துக் காட்டினர்.

நிலத்தினுள் ஒன்று புகுந்து விட்டால் அதனை மனிதன் எளிதில் வெளியேற்ற இயலாது. இதுவே அப்பேரழிவு விவசாயிக்குக் கற்பித்த பாடம்.

நிலத்தினுள் காபனீரொட்சைட்டு

இதே பாடம் இன்று உலகின் பிற பகுதிகளிலும் பேசப்படுகின்றது. தொழிற்சாலைப் புகையிலும் இயற்கை வாயுவிலும் உள்ள காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்து, ஆழ்நிலத்திற் செலுத்திச் சேமிக்கும் முறை சில நாடுகளில் நடைபெறுகின்றது. நோர்வே நாட்டார் 1996ஆம் ஆண்டு முதல் வடகடலின் அடித்தரைக்குக் கீழுள்ள மணற்கல்லில் இதனைச் செலுத்தினர். இலங்கையில் இத்தகைய களஞ்சியம் எதுவும் இல்லை. எனினும் அதன் தன்மையை அறிவது நமது கிணற்றை விளங்கிக் கொள்ள உதவும்.

காபனீரொட்சைட்டு நீரிற் கரைந்தால் மெல்லிய அமிலம் உண்டாகும். சோடாப் போத்தலில் உள்ளதும் அதுவே. ஆழத்திற் சேமித்த வாயு கசிந்து மேலுள்ள நன்னீர்ப் படையை அடையுமாயின், நீர் அமிலமாகும். மண்ணிலும் பாறையிலும் உள்ள சுண்ணாம்பு, இரும்பு முதலியவற்றைக் கரைக்கும். ஈயம், ஆசனிக்கு போன்ற நச்சுப் பொருள்களையும் விடுவிக்கக் கூடும். வாயுவின் அமுக்கத்தால் ஆழத்து உப்பு நீர் மேலே தள்ளப்படுதலும் கூடும். 2008ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஆய்வுக்காக ஆழங்குறைந்த நிலத்தில் இவ்வாயுவைச் செலுத்திப் பார்த்தனர். நடுநிலையாய் 7 என்றிருந்த நீரின் பீ.எச். எண் 5.6 வரை இறங்கியது. சுண்ணாம்பும் இரும்பும் நீரிற் கூடின. ஆழமும் இறுக்கமான மூடுபாறையும் வாய்த்தவிடத்து ஆபத்துக் குறைவு என்பர் அறிஞர். ஆயினும் பழுதடைந்த ஒரு குழாய்க் கிணறு கசிவுக்கு வழியாகி விடலாம். ஆதலாற் கண்காணிப்பு ஒருபோதும் ஓய்தல் ஆகாது.

நமது மண்ணிலும் சிறிய அளவில் இது நிகழ்கின்றது. வேர்கள் மூச்சு விடுவதாலும் எரு உக்குவதாலும் மண்ணினுள் காபனீரொட்சைட்டு உண்டாகின்றது. மழை நீர் அதனை ஏற்று மெல்லிய அமிலமாகி, மணலிலுள்ள சிப்பித் துணுக்குகளின் சுண்ணாம்பைக் கரைக்கின்றது. கேத்தலின் அடியிற் படியும் வெண்ணிறப் படிவு அச்சுண்ணாம்பே. இது தீங்கன்று. ஆனால் தரையினுள் நடப்பது கிணற்று நீரிலே தெரியும் என்பதற்கு இது சான்று.

விவசாயியின் கையால் வரும் கேடு

மணற்றரைக்கு இடும் யூரியா சில நாட்களில் நைத்திரேற்றாக மாறுகின்றது. களிமண் வயலைப் போல மணல் பசளையைப் பிடித்து வைப்பதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது நீருடன் இறங்கிக் கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழியிலிருந்தும் எருக்குவியலிலிருந்தும் நைத்திரேற்று இறங்கும். வடமேற்கே கற்பிட்டியின் மணற்றரையில் மரக்கறிச் செய்கை செறிந்த இடங்களில், கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்று குடிநீருக்குரிய எல்லையைக் கடந்திருந்தமை ஆய்வுகளிற் காணப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் ஆகும். அதனை மீறிய நீரிற் பால்மாவைக் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடல் நீலம் பாரித்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நைத்திரேற்று நிறமும் மணமும் அற்றது. கொதிக்க வைத்தாலும் நீங்காது.

கைக்கொள்ள வேண்டியவை

1. மணற்றரையில் யூரியாவை ஒரே முறையில் இடாது, சிறிது சிறிதாகப் பல தடவை இடுதல் வேண்டும். பெருமழைக்கு முன் இடலாகாது. கூட்டெருச் சேர்த்தால் மணலின் பிடிப்புத் தன்மை கூடும்.

2. பாத்தி நிரம்பப் பாய்ச்சாது, பூவாளியாலோ சொட்டு நீர்க் குழாயாலோ காலையும் மாலையும் அளவாக ஊற்றுக. வைக்கோல் அல்லது சருகு பரப்பினால் ஈரம் காயாது.

3. கோடையில் நீர் குறைந்ததென்று கிணற்றை ஆழமாக்கலாகாது. ஆழம் கூடக் கூட உப்பு அண்மிக்கும். இயந்திரத்தால் ஒரே மூச்சாக இறைக்காது, இடைவிட்டு இறைத்தல் நன்று.

4. மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடிக்குக் குறையாத தூரத்தில் இருத்தல் வேண்டும். எருக்குவியலையும் கிருமிநாசினிப் போத்தல்களையும் கிணற்றருகே வைக்கலாகாது.

5. மாரி முடிந்ததும் ஒரு முறை, கோடை இறுதியில் ஒரு முறை என நீரைப் பரிசோதிப்பிக்க வேண்டும். உவர்ப்பைக் காட்டும் மின்கடத்துதிறன், மீற்றருக்கு டெசிசீமன் அளவில், போஞ்சிக்கு 0.7, வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1.0, தக்காளிக்கு 1.7, நெல்லுக்கு 2.0 என்பவற்றைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும்.

6. கடல் நீர் கிணற்றினுட் புகுந்தால் குப்பையையும் சேற்றையும் அகற்றி, ஒரு முறை மெதுவாக இறைத்து விட்டு, மழைக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை குடிநீரை வேறிடத்திற் பெறுக.

7. கூரையில் விழும் தூய மழை நீரைத் தெருவில் ஓட விடாது, மணல் நிரப்பிய குழியில் இறங்கச் செய்க. தோட்டத்துக்குச் சிறு வரம்பு கட்டினால் அங்கு விழும் மழையும் அங்கேயே சுவறும்.

மணலின் கீழுள்ள நன்னீர் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. ஒருவர் தோட்டத்தில் இட்டது அயலவர் கிணற்றில் ஊறும்; ஒருவர் மிகுதியாக இறைத்தால் அடுத்தவர் கிணறு கரிக்கும். எனவே அயலிலுள்ள விவசாயிகள் ஒன்றுகூடி, இறைக்கும் நேரத்தையும் பரிசோதனை நாளையும் தமக்குள் வகுத்துக் கொள்வது சாலச் சிறந்தது. பரிசோதனைக்கு நீரெடுக்கும் முறையை அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.