உமிழ்நீரைக் காக்கும் ஸ்கேன்

மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகம். வெற்றிலை பாக்கோடு புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ளும் தோட்டப்புறப் பழக்கம் முக்கியக் காரணம். பேராக்கின் சுங்கை சிப்புட், தாப்பா வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயத்தில் இருந்தவர்கள் ஈப்போவின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். நோய் மட்டும் பின்தங்கவில்லை. புகையிலை செய்த கேடு தலைகாட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். இவர்களுக்குக் கதிரியக்கச் சிகிச்சை தரும்போது உயர்தர ஸ்கேன் கேட்பது ஆடம்பரமே அல்ல.

காதுக்கு முன்னால் இருபுறமும் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் இருக்கின்றன. பழைய முறையில் முகத்தின் இரு பக்கத்திலிருந்தும் கதிர் பாயும். கட்டியோடு சுரப்பியும் வேகும். பிறகு வாய் வறண்டு, சோறு தொண்டையில் இறங்காது, பல் சொத்தையாகும். சிடி ஸ்கேன் கதிரின் அளவைக் கணக்கிட உதவுகிறது. எம்ஆர்ஐ நாக்குத் தசைக்குள் கட்டி எவ்வளவு தூரம் ஊடுருவியிருக்கிறது என்று காட்டுகிறது. பெட் ஸ்கேன் கழுத்து நிணநீர்க் கணுக்களில் நோய் பரவியிருக்கிறதா என்று தேடுகிறது. எல்லை தெரிந்தால்தான் கதிரை வளைத்துச் செதுக்க முடியும். அப்படிச் செதுக்கிய சிகிச்சையைப் பழையதோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் ஆய்வு 2011-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் கணிசமான வாய் வறட்சி பழைய முறையில் 74 விழுக்காட்டினருக்கு, புதியதில் 38 விழுக்காட்டினருக்கு. ஆயுள் கூடவில்லையே என்பார்கள். உண்மைதான், பங்கேற்றவர்களும் 94 பேர்தான். ஆனால் பிழைத்தவர் ரசம் சோறு சாப்பிட முடிவது சின்ன விஷயமா?

ஆறேழு வாரச் சிகிச்சையில் உடல் மெலியும், தலையை அசையாமல் பிடிக்கும் முகமூடி தளரும், சுரப்பி உள்நோக்கி நகர்ந்து கதிரின் பாதைக்குள் வந்துவிடும். முதல் நாள் ஸ்கேனை நம்பியே கடைசிவரை ஓட்டினால் செதுக்கியதெல்லாம் வீண். சிகிச்சை இயந்திரத்திலேயே அவ்வப்போது படம் பார்த்து, தேவையானால் திட்டத்தையே மாற்ற வேண்டும்.

முற்றிய பிறகே பெரும்பாலோர் வருகிறார்கள், பணத்தை முன்கூட்டிக் கண்டறிவதில் போடலாமே என்ற மறுப்பு வலுவானது. பல் மருத்துவர் டார்ச் அடித்தே பார்த்துவிடக்கூடிய நோய் இது. அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் தாமதமாக வருபவரின் கட்டிதான் பெரிது, முக்கிய உறுப்புகளை ஒட்டியது. துல்லியம் அவருக்கே அதிகம் தேவை. துல்லியத்தோடு தூரமும் ஒரு சிக்கல். பேராக்கிலிருந்து பலர் சிகிச்சைக்குப் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ போகிறார்கள். தலை, கழுத்துப் புற்றில் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலே நோய் கட்டுப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 1 விழுக்காடு குறையும். பேருந்துக் காசும் தங்குமிடமும் அந்தக் கணக்கில் சேர்த்தி. இயந்திரம் வாங்கும்போதே, நாலாம் வாரம் மறுபடி ஸ்கேன் எடுத்துத் திட்டம் போடும் மருத்துவ இயற்பியலாளருக்கும் சம்பளம் ஒதுக்க வேண்டும்.