இன்சுலினும் நம்மோடு ஊருக்கு வரட்டும்!

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். புளியோதரை, தண்ணீர்க் கூஜா, குழந்தைகளுக்கு முறுக்கு என்று வரிசையாக எல்லாம் ஞாபகம் வரும். வீட்டில் இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருந்தால் மட்டும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். என் மாமியார் இதனாலேயே சொந்தத் தம்பி மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. "பிரிட்ஜை முதுகுல கட்டிக்கிட்டா வர முடியும்? நீங்க போயிட்டு வாங்க" என்பார். ஆனால் காசியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் அவருக்குப் போகவில்லை. 2023 மே மாதம் அழைத்துப் போய் வந்தோம். அதற்காக டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வழியில் கற்றதையும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்.

எவ்வளவு குளிர்ச்சி வேண்டும்?

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி செல்ஸியஸ் வேண்டும். அதற்குத்தான் பிரிட்ஜ். உபயோகத்தில் இருக்கும் குப்பிக்கோ பேனா ஊசிக்கோ அவ்வளவு தேவையில்லை. பெரும்பாலான வகைகள் 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறாத இடத்தில் 28 நாள் தாங்கும். வகைக்கு வகை இது மாறும். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்து, வெளியே எடுத்த தேதியைப் பெட்டி மேலேயே எழுதிவிடுங்கள்.

கென்யாவில் தடாப் அகதிகள் முகாமில் வீடுகளில் பிரிட்ஜ் கிடையாது. அங்குள்ள வெப்பத்தை அளந்து, ஜெனீவா பல்கலைக்கழகமும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஆராய்ந்தன. 25-க்கும் 37-க்கும் இடையே ஏறி இறங்கும் சூட்டிலும் நாலு வாரம் வரை இன்சுலின் வீரியம் குறையவில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள். இதைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பாதிப் பயம் போயிற்று. அதற்காக அஜாக்கிரதையாக இருக்கலாம் என்று அர்த்தமில்லை. மே மாதத்தில் நாகபுரிப் பக்கம் 45 டிகிரியைத் தாண்டும். இன்சுலின் ஒரு புரதம். அளவு மீறிய சூட்டில் அதன் தன்மை மாறிவிடும்.

கைவசம் உள்ள வழிகள்

ஈரத்துணி: மருந்தைத் தண்ணீர் புகாத சிறு டப்பாவில் மூடி, நனைத்த பருத்தித் துண்டால் சுற்றிக் காற்றுப் படும் இடத்தில் வையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே விதம்தான். காய்ந்த காற்றுள்ள ஊரில் இது நன்றாக வேலை செய்யும். சென்னை மாதிரி புழுக்கமான கடலோர ஊரில் துணி சீக்கிரம் காயாது, அதனால் குளிர்ச்சியும் குறைவு.

பிளாஸ்க்: அகல வாய் பிளாஸ்க்கில் ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, ஈரம் போகத் துடைத்து, துணியில் சுற்றிய மருந்தை உள்ளே வைத்து மூடுங்கள். புழுக்கமான ஊருக்கு இதுதான் தோது. ரயிலில் என்றால் ஸ்டேஷனில் ஒரு குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வாங்கித் துண்டில் சுற்றி, மருந்துப் பைக்குள் பக்கத்தில் வைத்தாலும் போதும்.

ஐஸ் கட்டி நேராக மருந்தில் படவே கூடாது. உறைந்த இன்சுலின், உருகியபின் பார்க்க நன்றாக இருந்தாலும் உதவாது. காசியில் நாங்கள் தங்கிய விடுதியில் பிரிட்ஜில் வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். நல்லா சில்லுன்னு இருக்கட்டும் என்று நினைத்தானோ என்னவோ, அங்கிருந்த பையன் பிரீஸரில் வைத்துவிட்டான். காலையில் எடுத்தால் கல் மாதிரி இருந்தது! தூக்கிப் போட்டோம். நல்லவேளை, என்னவர் பையில் இன்னொரு ஜதை வைத்திருந்தோம். கங்கா ஸ்நானம் முடித்து வந்து, ஊசி போட்டுக்கொண்டு, மாமியார் நிம்மதியாக இட்லி சாப்பிட்டார்.

இதையும் கவனியுங்கள்

* தேவையைப் போல் இரண்டு பங்கு மருந்து எடுத்து, இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள்.
* நிறுத்திய காரிலும், ஜன்னலோர வெயிலிலும், உடம்போடு ஒட்டிய சட்டைப் பையிலும் வைக்காதீர்கள்.
* விமானத்தில் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்கு அறையில் உறைந்துவிடக் கூடும். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும்.
* தெளிவான இன்சுலின் கலங்கியிருந்தாலோ, பால் போன்ற வகை உருட்டியபின்னும் கட்டி கட்டியாக நின்றாலோ போட வேண்டாம். காரணமில்லாமல் சர்க்கரை ஏறினால் மருந்தையும் சந்தேகியுங்கள்.
* சர்க்கரை பார்க்கும் பட்டைகளுக்கும் வெயில் ஆகாது.
* வெயிலில் இன்சுலின் வேகமாக உடம்பில் சேரும். சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சாப்பாட்டு வேளை ஊசியை, சாப்பாடு கைக்கு வந்த பிறகே போடுங்கள். வியர்வை, நடுக்கம் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, கால் மணி கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

புறப்படுமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு, இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவிடுங்கள். பெட்டி கட்டுவது யாராக இருந்தாலும் அவர் கண்ணில் படட்டும்.