சிப்ஸ் இல்லையென்றால் பார் போதும்

குக்கீ செய்ய நினைப்பவர்களில் பலர், கடையில் சாக்லேட் சிப்ஸ் கிடைக்கவில்லை என்றதும் அந்த எண்ணத்தையே கைவிட்டுவிடுகிறார்கள். குறிப்பில் சிப்ஸ் என்றிருந்தால் அதுதான் அசல், பாரை வெட்டிப் போடுவது வெறும் ஒப்பேற்றல் என்பது அவர்கள் நினைப்பு. நடந்த கதை நேர்மாறானது. 1930களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து விட்மன் நகரில் ‘டோல் ஹவுஸ் இன்’ விடுதியை நடத்திய ரூத் வேக்ஃபீல்ட், நெஸ்லேயின் இனிப்பு குறைந்த பாரைத் துண்டுகளாக்கித்தான் குக்கீ மாவில் கலந்தார். அது தற்செயலாக நேர்ந்தது என்று ஒரு கதை உலவுகிறது. மனையியல் படித்து, சமையல் நூலும் எழுதிய ஒருவர் விஷயத்தில் அதை நம்புவது கடினம். குக்கீயின் புகழ் பரவியதும் நெஸ்லே முதலில் எளிதாக உடையும்படி கோடு போட்ட பாரை, வெட்டும் கருவியோடு சேர்த்து விற்றது. சிறு துண்டுகளாகவே விற்கத் தொடங்கியது 1939இல்தான். ஆக, பாருக்கு மாற்றாக வந்ததே சிப்ஸ்.

இரண்டுக்கும் வித்தியாசம் கொழுப்பில் இருக்கிறது. சாக்லேட்டின் இயற்கையான கொழுப்பான கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரி செல்சியஸில் உருகும். நல்ல பாரைவிடச் சிப்ஸில் இது பொதுவாகக் குறைவு. அதனால் 180 டிகிரி அவனிலும் சிப்ஸ் உள்ளே இளகுமே தவிர வழிந்தோடாது. குக்கீக்கு வசதியான இந்தக் குணமே கேக்கின் மேல் ஊற்றும் சாக்லேட்டுக்குத் தொல்லை. உருக்கினால் கெட்டிக் கூழாகத்தான் நிற்கும். இளக்கலாம் என்று நாலு சொட்டுத் தண்ணீர் விட்டால் போச்சு. சர்க்கரையும் கோகோ துகளும் ஈரத்தில் ஒட்டித் திரண்டுவிடும். உருக்கி ஊற்றும் வேலைக்குப் பாரே சரி.

வெட்டிய பார் குக்கீயில் உருகிப் பரவிவிடுமே என்பார்கள். பரவும்தான். ஆனால் கடிக்கும் இடமெல்லாம் சாக்லேட் ருசி அடுக்கடுக்காகக் கிடைப்பது அதனால்தான். என் கணக்கில் அது குறையே அல்ல. துண்டு துண்டாகத் தெரியத்தான் வேண்டும் என்றால், கொண்டைக்கடலை அளவுக்கு வெட்டி, உதிர்ந்த தூளைச் சலித்து எடுத்துவிட்டு, மாவை ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துச் சுடலாம். கப்பில் அளக்காமல் எடை பார்ப்பது நல்லது: ஒரு கப் சிப்ஸ் சுமார் 170 கிராம். மில்க் சாக்லேட்தான் இருக்கிறதென்றால் மாவில் சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்று மேசைக்கரண்டி கோகோ பவுடரோடு ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் சேர்த்தால் 28 கிராம் இனிப்பில்லாத சாக்லேட்டுக்கு ஈடாகும் என்ற கணக்கு, உருக்கிக் கலக்கும் பிரவுனிக்குத்தான் பொருந்தும். குக்கீயில் கடிபடும் துண்டை அது தராது.

கனமான மறுப்பு ஒன்று உண்டு. சென்னைக் கோடையில் அலமாரியில் வைத்த அசல் சாக்லேட் தானே இளகிவிடுகிறது. வேறு தாவரக் கொழுப்பில் செய்த காம்பவுண்ட் தாக்குப்பிடிக்கிறது, விலையும் குறைவு. நியாயம்தான். அச்சில் ஊற்றவும் கேக்கை மூடவும் அதுவே வசதி. ஆனால் சாக்லேட்டின் ருசியை மட்டுமே நம்பியிருக்கும் குக்கீயில், அந்தக் கொழுப்பு வாயில் கரையாமல் மெழுகுபோல் படிகிறது. நம் கடைகளில் விற்கும் சிப்ஸ் பாக்கெட்டுகளில் பலவும் காம்பவுண்ட்தான் என்பதால், சிப்ஸையே தேடி அலைந்தவருக்கும் அசல் சாக்லேட் கிடைத்திருக்கும் என்று சொல்ல முடியாது. வெயிலில் இளகி மறுபடி இறுகிய பாரில் வெண்மை பூத்திருந்தால் தூக்கி எறிய வேண்டாம். பெரும்பாலும் அது மேலே வந்து உறைந்த கொழுப்பு. பூஞ்சை அல்ல, குக்கீக்குத் தாராளமாகப் போடலாம். வாங்கும்போது பாக்கெட்டின் முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் என்றிருந்தால், சிப்ஸோ பாரோ, வாங்கலாம். ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு என்றிருந்தால் குக்கீக்கு வேண்டாம்.