இதய மருத்துவராக வேண்டுமா?

பள்ளி இறுதித் தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில், "அடுத்து என்ன படிக்கப்போகிறாய்?" என்ற கேள்வி நம் இல்லங்களில் எழுவது இயல்பு. "இதய மருத்துவராவேன்" என்று பிள்ளை விடை கூறினால், பெற்றோரின் உள்ளம் பூரிக்கிறது. பூரிப்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பணி எத்தகையது, அது நம்மிடம் கேட்பது என்ன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. இந்தியாவின் முதல் பெண் இதய மருத்துவ வல்லுநர் எனப் போற்றப்படும் டாக்டர் எஸ். பத்மாவதியின் வாழ்க்கை இதற்கு நல்ல விளக்கமாகும்.

அவர் 1917ஆம் ஆண்டு பர்மாவில் பிறந்தார். இரங்கூன் மருத்துவக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, அன்னையுடனும் சகோதரிகளுடனும் நாட்டை விட்டு வெளியேறிக் கோயம்புத்தூரை வந்தடைந்தார். போரினால் வீடிழந்து வந்தவர், கற்ற கல்வியை இழக்கவில்லை. 1949இல் மேற்படிப்புக்காக இலண்டன் சென்றார். அதன்பின் ஸ்வீடனிலும், இறுதியாக அமெரிக்காவிலும் இதய மருத்துவம் பயின்றார்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவருக்கு ஆசிரியையாக வாய்த்தவர் ஹெலன் டாசிக். இதய மருத்துவருக்குச் செவியே முதற்கருவி. டாசிக் அம்மையாருக்கோ செவிப்புலன் குன்றிவிட்டது. அவர் மனந்தளரவில்லை. குழந்தையின் மார்பின்மேல் விரல்களை வைத்து, துடிப்பின் வேறுபாடுகளைத் தொட்டுணரப் பழகினார். பிறவி இதயக் கோளாற்றினால் உடல் நீலம்பாரித்து வாடிய குழந்தைகளுக்கு வழி காண முடியும் என்று அவரே எடுத்துரைத்தார். அதற்கான முறையை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்துத் தேர்ந்தவர் விவியன் தாமஸ். 1944 நவம்பரில் ஆல்பிரட் பிளாலாக் அந்த அறுவை மருத்துவத்தைச் செய்தார். மூவரின் உழைப்பு ஒன்று சேர்ந்தே குழந்தைகளுக்கு வாழ்வளித்தது. இதய மருத்துவம் தனியொருவரின் திறமையால் நடப்பதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

1953இல் தாயகம் திரும்பிய பத்மாவதி, தில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் பணியேற்றார். அங்கே வந்த ஏழைகளின் இதயத்தை மட்டும் அவர் ஆராயவில்லை. நோய் எங்கிருந்து புறப்பட்டது என்றும் தேடினார். நுரையீரல் பழுதுபட்டு, அதன் விளைவாக இதயமும் நலிந்த 127 நோயாளிகளைப் பற்றிய ஆய்வை 1959இல் வெளியிட்டார். நோயுற்ற பெண்களின் நிலையை ஆராய்ந்தபோது, காற்றோட்டமற்ற சமையலறையின் அடுப்புப் புகை கவனத்துக்கு வந்தது. சிறுவர்களைத் தாக்கும் வாதக் காய்ச்சலோ, பெரும்பாலும் கவனியாது விடப்பட்ட தொண்டைப் புண்ணில் தொடங்குகிறது. பின்னர் இதயத்தின் வால்வுகளைக் கெடுக்கிறது. ஆகவே இதய மருத்துவரின் பார்வை மருத்துவமனைச் சுவர்களோடு நின்றுவிடலாகாது. இந்த எண்ணத்தோடு 1962இல் அகில இந்திய இதய அறக்கட்டளையை நிறுவினார். 1981இல் தேசிய இதய நிலையம் உருவாயிற்று. தொண்ணூறு வயதைக் கடந்த பின்னும் நோயாளரைப் பார்த்துவந்த அவர், 2020இல் தம் 103ஆம் வயதில் கொரோனா நோயினால் மறைந்தார்.

இனி, நம் பிள்ளைகள் செல்லவேண்டிய வழியைப் பார்ப்போம். பள்ளியில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்று, நீட் நுழைவுத் தேர்வில் தேறவேண்டும். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் மருத்துவமனைப் பயிற்சி ஓராண்டு. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. பட்டம் பெற மூன்று ஆண்டுகள். அதற்கு மேல் இதயவியலில் டி.எம். பட்டம் பெற இன்னும் மூன்று ஆண்டுகள். இடையில் எழுதும் நுழைவுத் தேர்வுகளில் தவறினால், ஆண்டுகள் மேலும் கூடும். பதினெட்டு வயதில் தொடங்குவோர், முப்பதை எட்டும்போதுதான் தனித்துப் பணியாற்றத் தகுதி பெறுவர். மார்பைத் திறந்து அறுவை மருத்துவம் செய்ய விரும்புவோரின் பாதை வேறு. அவர்கள் அறுவை மருத்துவத் துறையில் எம்.சி.எச். பட்டம் பெறவேண்டும்.

பெற்றோரே, இந்த நெடும்பயணத்தைக் குடும்பத்தின் பெருமைக்காகப் பிள்ளைமேல் சுமத்தாதீர்கள். உடன் படித்தவர்கள் சம்பாதித்து மணம் முடித்து வாழும் காலத்தில், உங்கள் மகள் நள்ளிரவில் நோயாளியின் படுக்கையருகே நின்றுகொண்டிருப்பாள். அதைத் தாங்குவதற்கு மதிப்பெண் மட்டும் போதாது. துன்புறுவோர் அருகில் பொறுமையோடு இருக்க அவளுக்கு மனமுண்டா? வீட்டில் பாட்டி நோயுற்றுக் கிடக்கையில் அவள் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். விடை ஓரளவு தெரியும். மனமிருந்தும் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால் வாழ்வு முடிந்துவிடாது. இதய நோயாளருக்குச் செவிலியர் வேண்டும்; இதயத்தைப் படமெடுக்கும் பயிற்சி பெற்றோர் வேண்டும்; அறுவையின்போது குருதியோட்டக் கருவியை இயக்குவோரும் வேண்டும். விவியன் தாமஸ் மருத்துவப் பட்டம் பெற்றவரல்லர் என்பதை நினைவில் கொள்வோம்.

மருத்துவராகாத நமக்கும் இதில் பங்கு உண்டு. பிள்ளையின் தொண்டை வலியை அசட்டை செய்யாது மருத்துவரிடம் காட்டுவோம். அதன்பின் மூட்டுகள் வீங்கி வலித்தால் ஒருநாளும் தாமதியோம். அடுப்படியில் புகை தங்காது சாளரத்தைத் திறந்து வைப்போம். பத்மாவதி அம்மையார் வாழ்நாளெல்லாம் வலியுறுத்திய இதய நலம், நம் வீட்டுச் சமையலறையிலேயே தொடங்கட்டும்.