கோமதேசுவரர் காலடியில் ஒரு தமிழ் வரி

பெங்களூரிலிருந்து ஹாசன் செல்லும் நேர் இரயில் பாதை 2017ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அந்தப் பாதையில் சிரவணபெளகொளாவுக்கும் ஒரு நிலையம் உண்டு. எங்களைப் போன்ற இரயில்வே குமாஸ்தாக்களுக்கு ஊர்களின் பெயர்கள் தாளில்தான் பழக்கம். சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று குடும்பத்துடன் அவ்வூரை நேரிலேயே கண்டு வந்தோம்.

போகும் வழியில் நான்காம் வகுப்புப் படிக்கும் எங்கள் மகளிடம் நமது சங்க மாத இதழைக் கொடுத்தோம். கன்னடமும் ஆங்கிலமும் சரளமாக வாசிக்கும் குழந்தை தமிழெழுத்தைக் கண்டு விழித்தது. கடிந்துகொண்டோம்.

தென்னந்தோப்புகள் சூழ்ந்த சமவெளியில் விந்தியகிரி மொட்டைப் பாறையாக நிமிர்ந்து நிற்கிறது. அடிவாரத்தில் காலணிகளை விட்டு, பாறையிலேயே வெட்டிய 600க்கும் மேற்பட்ட படிகளை ஏறினோம். உச்சியில், திறந்த வானமே கூரையாக, ஏறக்குறைய 57 அடி உயரத்தில் ஒரே கருங்கல்லில் நிற்கிறார் கோமதேசுவரர் என்னும் பாகுபலி. தமையன் பரதனை வென்றும் அரசைத் துறந்து தவத்தில் நின்றவர் அவர். கால்களிலும் தோள்களிலும் கொடி படர்ந்திருக்கிறது. அருகே புற்றுகளிலிருந்து பாம்புகள் தலை நீட்டுகின்றன. முகத்திலோ மெல்லிய முறுவல். கங்க மன்னன் இராசமல்லனின் அமைச்சர் சாமுண்டராயர் கி.பி. 981ஆம் ஆண்டையொட்டி இதனைச் செய்வித்தார். 12 ஆண்டுக்கொரு முறை மகாமஸ்தகாபிஷேகம் நிகழ்கிறது. 2018ஆம் ஆண்டிலும் நிகழ்ந்தது.

காலடியில் கல்வெட்டுகள் உள்ளன. சாமுண்டராயர் செய்வித்த செய்தி கன்னடத்திலும் மராத்தியிலும் மட்டுமன்றித் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளதென்று வழிகாட்டி சுட்டிக் காட்டினார். எங்கள் உள்ளம் பூரித்தது.

"அப்பா, தமிழென்றால் நீங்கள் படித்துக் காட்டுங்கள்" என்றாள் மகள்.

குனிந்து பார்த்தோம். ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. அவை கிரந்தமும் வட்டெழுத்தும் என்று வழிகாட்டி விளக்கினார். மொழி நம்முடையதே, அதைத் தாங்கிய எழுத்து நமக்கு அந்நியமாகிவிட்டது. காலையில் கடிந்துகொண்ட நாங்கள் மகளின் முகத்தைப் பார்க்கக் கூசினோம்.

"எழுதுவோர் குறைந்தார்கள்; எழுத்தும் மறைந்தது, அம்மா" என்று மட்டுமே சொல்ல முடிந்தது. குழந்தை சற்று நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தது. திரும்பும் இரயிலில், கேளாமலேயே, இதழை மடியில் விரித்து, "இது என்ன எழுத்து?" என்றது. 'அ'விலிருந்து தொடங்கினோம். அன்று முதல் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நாளுக்கோர் எழுத்து நடந்து வருகிறது.

அன்பர்களும் குழந்தைகளுடன் ஒரு முறை சென்று வாருங்கள். வெயில் ஏறினால் பாறை காலைச் சுடும். விடியற்காலையிலேயே ஏறிவிடுவது நலம். காலடியிலுள்ள அந்தத் தமிழ் வரியைக் காட்டாமல் இறங்கிவிடாதீர்கள்.