நீச்சற்குள நீரும் எம் மண்ணின் நீரும்

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணுவது மக்களின் இயல்பு. நீச்சற்குளத்தைப் பொறுத்தவரை இவ்வெண்ணம் ஆபத்தானது. அடித்தளத்து ஓடுகளை எண்ணக்கூடிய அளவுக்குத் தெளிந்திருக்கும் நீரிலும் வயிற்றோட்டத்தை விளைக்கும் கிருமிகள் வாழ்தல் கூடும். தெளிவைத் தருவது வடிகட்டி; தூய்மையைத் தருவது நீரின் இரசாயனச் சமநிலை. முன்னதைக் கண் அறியும். பின்னதை அளந்தே அறிதல் வேண்டும்.

இப்பொருளை இம்மலரில் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. கடல் கடந்து வாழும் எம் பழைய மாணவர் சிலர் பிறந்த ஊரிற் புதுமனை கட்டுகையில், பிள்ளைகளின் பொருட்டு வளவினுள் நீச்சற்குளமும் அமைக்கின்றனர். அதைப் பேணும் முறைகளை அவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு நூல்களிலிருந்தே கற்கின்றனர். அந்நாடுகளிற் குழாய்நீர் தாராளமாகக் கிடைக்கும். நீர் கெட்டால் குளத்தை வெறுமையாக்கி மீள நிரப்புவது பணச்செலவோடு முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலோ அது அயலவர் கிணற்றிற் கைவைப்பதாகும். ஆதலின் நிரப்பிய நீரை மாற்றாது நெடுங்காலம் பேணுவதே இங்கு நீச்சற்குளம் வைத்திருப்போரின் முதற் கடமை என்பது எம் கருத்து. எந்த மருந்தை வாங்குவது என்ற கேள்விக்கும் இக்கடமையே விடை தருகின்றது.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. நாம் பருகுவதும் பயிருக்கு இறைப்பதும் சுண்ணக்கற் பாறையினுள் தேங்கிய மழைநீரே. அந்நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நிற்குமாயின், கீழே ஏறக்குறைய நாற்பது அடிக்கு அது உவர்நீரை அழுத்தி நிற்கும் என்பது நீரியலார் கண்ட விதி. மேலே ஓரடி குறைந்தால் கீழே உவர்நீர் நாற்பது அடி மேலெழ இடமுண்டாகும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தலை அறிந்தோர்க்கு இது புதுமையன்று.

எட்டு மீற்றர் நீளம், நான்கு மீற்றர் அகலம், சராசரி ஒன்றரை மீற்றர் ஆழம் கொண்ட ஒரு குளத்தை எடுத்துக்கொள்வோம். அது கொள்ளும் நீர் 48,000 லீற்றர். நாளொன்றுக்கு 600 லீற்றர் செலவிடும் குடும்பம் ஒன்றுக்கு இது எண்பது நாளைக்குப் போதும். இனி வரும் கணக்குகள் யாவும் இக்குளத்தையே பற்றியன.

முதலில் அளக்கவேண்டியது நீரின் அமில காரத் தன்மை. எமது கல்லூரி ஆய்வுகூடத்திற் பாசிச்சாயத்தாள் சிவப்பதையும் நீலமாவதையும் கண்ட நினைவு பலர்க்கும் இருக்கும். அம்மாற்றத்தை எண்ணாற் குறிப்பதே பீ.எச். பெறுமானம், 1909 ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு அறிஞர் சோரன்சன் இதனை வகுத்தார். ஏழு நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நீச்சற்குள நீர் 7.2 இற்கும் 7.8 இற்கும் இடைப்பட நிற்றல் நன்று.

இதனை முதலில் அளக்கவேண்டியது ஏன்? குளோரீனை நீரில் இட்டதும் அது இரு வடிவங்களாகப் பிரிகின்றது. ஒன்று உபகுளோரசு அமிலம். கிருமிகளை விரைந்து கொல்வது இதுவே. மற்றையது உபகுளோரைற்று அயன். இது வலிமை குன்றியது. சயனூரிக் அமிலம் என்னும் காப்புப் பொருள் கலவாத நீரில், பீ.எச். 7.0 ஆயின் குளோரீனின் முக்காற்பங்கு வலிய வடிவத்தில் இருக்கும், 7.5 ஆயின் ஏறக்குறையப் பாதி, 8.0 ஆயின் ஏறக்குறையக் காற்பங்கே. எனவே பீ.எச். உயர்ந்த நீரில் மேலும் மேலும் குளோரீனைக் கொட்டுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

எம் கிணற்றுநீர் இவ்விடத்திலே தன் குணத்தைக் காட்டும். சுண்ணக்கல்லினூடாக ஊறிவந்த அந்நீரிற் கல்சியமும் இருகாபனேற்றும் மிகுதி. நிலத்தின் கீழ் அதிற் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு, வெளிக்காற்றுப் பட்டதும் வெளியேறும், பீ.எச். தானாகவே உயரும், கல்சியம் காபனேற்று வெண்படிவாக இறங்கும். அடுப்பங்கரைக் கேத்திலின் உட்புறத்தே படியும் வெண்பொருக்கு இதுவே. குளத்தில் இது ஓடுகளிலும் குழாய்களிலும் வடிகட்டி மணலிலும் படியும். பீ.எச்., காரத்தன்மை, கல்சிய வன்மை, வெப்பநிலை முதலியவற்றைச் சேர்த்து, நீர் படிவு இறக்குமா, சாந்தை அரிக்குமா என முன்னறியும் கணக்கை அமெரிக்கப் பேராசிரியர் இலாங்கெலியர் 1936 இல் வெளியிட்டார்; இன்றும் அதுவே கைக்கொள்ளப்படுகின்றது.

இதற்குப் பரிகாரம் ஐதரோகுளோரிக் அமிலத்தைச் சிறிது சிறிதாக இடுவது. அமிலம் இருகாபனேற்றைக் காபனீரொட்சைட்டாக மாற்றும். பம்பி நீரை அலைத்து ஓடவிட அவ்வாயு காற்றோடு கலக்கும். பீ.எச். மீண்டும் உயரும், மீண்டும் சிறிது அமிலம் இடல் வேண்டும். புதுக்குளத்தின் முதல் வாரங்களில் இவ்வாறு பலமுறை செய்ய, லீற்றருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் என்னும் விரும்பத்தக்க காரத்தன்மை கிட்டும். அதன்பின் பீ.எச். ஓடித்திரியாது ஒருநிலையில் நிற்கும். ஒரேநாளில் இதனை முடிக்க முயல்வோர் குழாயையும் சாந்தையும் கெடுப்பர்.

அடுத்தது குளோரீன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வீட்டுக் குளங்களுக்கு லீற்றருக்குக் குறைந்தது 1 மில்லிகிராம் எனவும், சயனூரிக் அமிலம் கலந்த குளங்களுக்குக் குறைந்தது 2 மில்லிகிராம் எனவும் விதந்துரைக்கின்றது. இக்காப்புப் பொருள் எதற்கு? நண்பகல் வெயில் நேரே படும் நீரில், காப்பற்ற குளோரீனின் பாதி ஒருமணி நேரத்துக்குள் அழிந்துவிடும். சயனூரிக் அமிலம் குளோரீனைத் தன்னோடு பிணைத்து வெயிலினின்று காக்கும். லீற்றருக்கு 30 மில்லிகிராம் அளவே எமக்குப் போதும். எமது குளத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோகிராம், ஒருமுறை இட்டாற் போதுமானது. அளவு மீறினாலோ அது குளோரீனை இறுகப் பிணைத்து அதன் வேகத்தை மழுக்கும். மேலும் அது ஆவியாகாது, வடிகட்டியிலும் தங்காது. நீரை வெளியேற்றுவதன்றி அதனைக் குறைக்க எளிய வழி வேறில்லை.

இனிக் கடைக்குச் செல்வோம். அங்கே குளோரீன் மூன்று உருவங்களிற் கிடைக்கும். நாளொன்றுக்கு லீற்றருக்கு 2 மில்லிகிராம் வீதம் ஒரு மாதம் இடுவதாகக் கொண்டு ஒவ்வொன்றும் எதனை விட்டுச்செல்கின்றது என்று பார்ப்போம். மிதவையில் இட்டு விடும் 'டிரைகுளோர்' வில்லைகள் வேலைக்கு மிக எளியன. ஆனால் ஒரு மாதத்தில் லீற்றருக்கு 36 மில்லிகிராம் சயனூரிக் அமிலத்தைச் சேர்த்துவிடும். மூன்று மாதத்தில் 100 ஐத் தாண்டும். அதைப் பாதியாக்க 24,000 லீற்றர் நீரை வெளியேற்றல் வேண்டும். தூளாக வரும் கல்சியம் உபகுளோரைற்று மாதத்தில் 42 மில்லிகிராம் வன்மையைக் கூட்டும்; ஏற்கெனவே வன்னீர் உடைய எமக்கு அது வேண்டாத கொடை. சோடியம் உபகுளோரைற்று என்னும் திரவமோ ஏறக்குறைய 100 மில்லிகிராம் கறியுப்பை மட்டும் விட்டுச்செல்லும்; மாரி மழையில் குளம் நிரம்பி வழிகையில் அதிற் பெரும்பகுதி கழுவப்பட்டுவிடும். நாள்தோறும் அளந்து ஊற்றும் தொல்லை இருப்பினும், குடாநாட்டுக்கு ஏற்றது இத்திரவமே. பத்து வீதக் கரைசலாயின் எமது குளத்துக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர். மாலையில் இடல் நன்று. வெப்பத்தாலும் ஒளியாலும் அதன் வலு குன்றுமாதலால் சிறிது சிறிதாக வாங்கி நிழலில் வைத்தல் வேண்டும்.

வன்மை பெருக மற்றொரு வழியும் உண்டு. நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியானால் குளம் 160 லீற்றரை இழக்கும், கல்சியமோ ஆவியாகாது. லீற்றருக்கு 400 மில்லிகிராம் வன்மையுள்ள கிணற்றுநீரால் அவ்விழப்பை நிரப்பினால் மாதந்தோறும் 40 மில்லிகிராம் வன்மை கூடும். இதற்கு மருந்து வானத்திலேயே உள்ளது. மழைநீர் மென்னீர். நூறு சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 10,000 லீற்றர் விழும். ஐப்பசி கார்த்திகையில் அதனைத் தொட்டியிற் சேர்த்துக் குளத்துக்கு விடுவோர் கிணற்றையும் காப்பர், குளத்தையும் காப்பர். இரவிற் குளத்தை விரிப்பால் மூடுவது ஆவியாதலை வெகுவாகக் குறைக்கும்.

குளத்தருகே மூக்கைத் துளைக்கும் மணம் எழுந்தால், குளோரீன் மிகுந்துவிட்டது என்பர் பலர். உண்மையில் அம்மணமும் கண்ணெரிவும் வியர்வை, சிறுநீர் என்பவற்றோடு குளோரீன் கூடிப் பிறக்கும் குளோரமீன்களால் வருவன. நன்கு பேணப்படும் குளத்தில் மணம் மிகக் குறைவு. இறங்குமுன் குளிப்பது பாதி வைத்தியம். வயிற்றோட்டம் உள்ள பிள்ளையை இறக்கவே கூடாது. ஒரு மில்லிகிராம் குளோரீனில் சில கிருமிகள் ஒரு நிமிடத்தில் மடியினும், கிரிப்தோசுபோரிடியம் என்னும் நுண்ணுயிர் பத்து நாளுக்கு மேலும் தாக்குப்பிடிக்கும்.

அளக்கும் வேலை அரிதன்று. குளோரீனுக்கு 1957 இல் ஆங்கிலேய இரசாயனர் பேலின் வகுத்த டீ.பீ.டீ. முறை உண்டு, மருந்திட்ட நீர் இளஞ்சிவப்பாகும். ஒன்றை மறத்தலாகாது: குளோரீன் மிக மிஞ்சியிருந்தால் அந்நிறமும் வெளிறிப்போம், நிறமில்லை என்பதற்காக மேலும் குளோரீன் இடுமுன் நீரை நன்னீரால் ஐதாக்கி மீண்டும் சோதித்தல் வேண்டும். குளோரீனையும் பீ.எச். பெறுமானத்தையும் நாள்தோறும், காரத்தன்மையை வாரந்தோறும், வன்மையையும் சயனூரிக் அமிலத்தையும் மாதந்தோறும் அளந்து ஒரு கொப்பியிற் குறித்து வருக.

எச்சரிக்கை ஒன்று. அமிலமும் குளோரீனும் ஒன்றையொன்று தீண்டலாகாது. தீண்டினால் எழும் வாயு, 1915 இல் ஈப்பர் போர்க்களத்தில் நச்சாயுதமாக ஏவப்பட்ட அதே குளோரீன் வாயுவே. வில்லையும் தூளும் கலந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். இரண்டையும் வெவ்வேறிடத்தில், பிள்ளைகளின் கைக்கெட்டாது பூட்டி வைத்தல் வேண்டும். எப்பொழுதும் மருந்தை நீரில் இடுக. நீரை மருந்தில் ஊற்றற்க.

மனையைப் பூட்டி மீண்டும் கடல் கடந்து செல்வோர், பம்பியை இயக்கி நீரை அளக்கத் தக்க ஒருவரை நியமித்தே செல்லல் வேண்டும். கைவிடப்பட்ட குளம் சில வாரங்களிற் பச்சை பூத்து, டெங்கு நுளம்பு பெருகும் இடமாகும். வெளியேற்றும் நீரும் ஊர் நீரே என்பதை மறவற்க. குளோரீன் தணியும்வரை பொறுத்தே அதனை வெளிவிடல் வேண்டும். எம் சுண்ணக்கற் பாறை வெடிப்பும் துவாரமும் நிறைந்தது. வளவில் ஊற்றியது கிணற்றைச் சேர நெடுநாட் செல்லாது.

கிணற்றைப் பங்கிட்டு வாழ்ந்த மரபிலே வளர்ந்தவர் நாம். பங்குக் கிணற்றில் ஒருவர் முறை தவறி இறைத்தால் அது ஊர்ப் பேச்சாகும். நீச்சற்குளமும் நிலத்தடியில் அதே பங்குக் கிணற்றோடு தொடர்புடையது. சிறு சோதனைப் பெட்டியும் நாளொன்றுக்குப் பத்து நிமிடமும் செலவிட்டு அந்நீரைப் பேணுவோர், தம் பிள்ளைகளுக்கு நலம் செய்வதோடு அயலார்க்கும் நீதி செய்தோராவர்.