பிக் கிளாஸில் ஒரு பனித்துளி



"இயற்கையைப் போட்டோ எடுக்கணும்னா ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போகணும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பெரிய கேமரா வேண்டும் என்ற எண்ணம் வேறு! என் அனுபவம் அப்படியில்லை. மார்கழி, தை மாதங்களில் வீட்டுக்குப் பின்னால் உள்ள காலி மனையே போதும். கையில் ஒரு செல்போன், கூடவே எங்கள் டெக்ஸ்டைல் பிரிவு மாணவர்கள் பையில் கிடக்கும் பிக் கிளாஸ். அவ்வளவுதான்.

மற்ற பிரிவு நண்பர்களுக்காக ஒரு வார்த்தை. பிக் கிளாஸ் என்பது துணியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணும் மடக்குக் கண்ணாடி. அடியில் சதுரமாக ஒரு திறப்பு, அதற்கு மேலே லென்ஸ். துணிமேல் வைத்தாலே தெளிவாகத் தெரியும்படி இடைவெளி சரியாக அமைந்திருக்கும். துணிக்குப் பதில் இலை, நம் கண்ணுக்குப் பதில் செல்போன். வித்தை இதில்தான் இருக்கிறது. வெறும் செல்போனை இலைக்கு மிக அருகில் கொண்டுபோனால் படம் மங்கிவிடும். லென்ஸ் நடுவில் வந்தால் கடுகளவு துளியும் திரை நிறைய வரும். சட்டத்தின் ஓரத்தில் அளவுக் கோடுகள் இருப்பதால் துளியின் அகலத்தையும் படத்திலேயே அளந்துவிடலாம்.

சரி, ஏன் குளிர்காலம்? "பனி பெய்யுது, தலையில துணியைக் கட்டு கண்ணு" என்பார் அம்மா. உண்மையில் பனித்துளி மழைபோல மேலிருந்து விழுவதில்லை. மேகமில்லாத இரவில் புல்லும் இலையும் தங்கள் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிட அதிகமாகக் குளிர்ந்துவிடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றில் உள்ள ஈரம் அங்கேயே துளியாகிறது. ஐஸ் தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதும் இதே கணக்குதான். ஆகவே இரவில் மேகம் மூடினாலோ காற்று அடித்தாலோ துளி குறைவு. மரத்தடியிலும் குறைவு. படுக்கப் போகுமுன் வானத்தைப் பார்த்தால் போதும், காலையில் எழுந்திருப்பதா போர்த்திக்கொண்டு தூங்குவதா என்று முடிவு செய்துவிடலாம்!

இன்னொரு காரணம் பூச்சிகள். தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் உடம்பு சூடேறாமல் பறக்க முடியாது. பகலில் நிழல் பட்டாலே ஓடுகிற தட்டான், விடியற்காலையில் புல் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருக்கும். மெதுவாகப் போனால் அதன் கண்வரை எடுக்கலாம்.

இதற்குக் கிடைக்கும் நேரம் கொஞ்சம்தான். எங்கள் பக்கம் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பதே 6.40 வாக்கில். என் படிப்புக்காகத் தவணையில் வாங்கிய போன்தான் வீட்டுக்கே ஒரே போன். 7.15க்கு அப்பா அதை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குக் கிளம்பிவிடுவார். ஆகவே நூறு படம் எடுக்கும் ஆசை எனக்கு இல்லை. ஒரு துளியோ ஒரு சிலந்தி வலையோ, அன்றைக்கு அது போதும்.

சூரியனுக்கு நேரே நிற்காமல், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி உட்காருங்கள். முழங்கையை முட்டியில் ஊன்றிக்கொள்ளுங்கள். திரையில் துளியின் மேல் விரலை வைத்துப் பிடித்தால் ஃபோகஸ் நிலைத்துவிடும். பிறகு வெளிச்சத்தைச் சற்றே குறையுங்கள். மூச்சைக் கண்ணாடிமேல் விடாதீர்கள். அங்கும் பனி பிடித்துக்கொள்ளும்! சிலந்தி வலைக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியைப் பிடித்தால் இழை இழையாக எழுந்து வரும்.

அப்பாவுக்குப் பிக் கிளாஸைக் கண்டாலே பிடிக்காது. நெய்த துணியில் பிக் குறைந்தால் கூலியில் பிடிப்பதற்கு மேஸ்திரி கொண்டுவரும் சாமான் அது. "நூல் எண்ணற கண்ணாடியில புல்லு எண்ணறயா?" என்று முதலில் சிரித்தார். ஒருநாள் அருகம்புல்லில் நின்ற துளி ஒன்றைக் காட்டினேன். துளியே ஒரு லென்ஸ் என்பதால், பின்னால் இருப்பதெல்லாம் அதற்குள் தலைகீழாகத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர், போனையே திருப்பிப் பிடித்து, "இது நம்ம தறிக்கூடமல்ல!" என்றார். அன்று அவர் கிளம்பியபோது மணி 7.20.

வில்சன் பென்ட்லி என்ற அமெரிக்க விவசாயி இதைவிடக் கடினமான வேலையைச் செய்தவர். 1885-ல், 19 வயதில், வெர்மான்ட் மாநிலத்தில் தன் பண்ணையிலேயே மைக்ராஸ்கோப்பையும் கேமராவையும் இணைத்து, தனி ஒரு பனிப்படிகத்தைப் படமெடுத்தார். இறக்கும்வரை அதே ஊரில் வாழ்ந்து 5,000க்கும் மேல் எடுத்தார். அவருடைய பொருள் கையில் உருகிவிடும். நம்முடையது வெயில் ஏறினால் போய்விடும்.

இலையில் நிற்கும் எல்லாத் துளியும் பனி அல்ல என்பதையும் கவனியுங்கள். நெல், புல் இவற்றின் நுனியில் மட்டும் உருண்டையாக ஒரு துளி நின்றால், அது பெரும்பாலும் வேர் இழுத்த தண்ணீரைச் செடியே வெளியே தள்ளியது. இலை முழுக்கப் பொடிப்பொடியாகப் படிந்திருப்பதுதான் பனி. பிக் கிளாஸில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே புரியும்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் யாருக்காவது வேண்டுமானால் என் கிளாஸைத் தருகிறேன், கேளுங்கள். புதன்கிழமை மட்டும் வேண்டாம், அன்று எங்களுக்குத் துணி ஆய்வு பிராக்டிகல்!